விடுதி அறையில் பெட்டியைப் பிரிக்கும் முன்

விடுதி அறையின் சாவி கைக்கு வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே காலி அறையைப் படமெடுத்து, அன்றே காப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஆடும் கட்டில் கால், அலமாரிப் பூட்டு, ஜன்னல் கண்ணாடியின் கீறல், சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகள், மெத்தையின் அடிப்பக்கக் கறை என எதையும் விடாதீர்கள். மெத்தையைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பல விடுதிகளில், காலி செய்யும்போது சேதத்துக்கான தொகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய சேதம் உங்களுடையதல்ல என்பதற்குத் தேதியோடு போய்ச் சேர்ந்த மின்னஞ்சலே சாட்சி. படம் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. கைபேசி தொலையலாம், பழுதாகலாம்.

காப்பாளரும் நீங்களும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல் இருந்தால் இது தேவையில்லை. அறைத்தோழர் முன்பே குடியேறியிருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் பக்கத்தை மட்டும் எடுங்கள்.