எயார் ரைபிள் வாங்க முன்னும் வாங்கிய பின்னும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி முடிந்து தை மாதம் பெட்டியைத் திறந்தபோது என் எயார் ரைபிளின் குழலில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. ரேகை ரேகையாக, செம்மண் நிறத்தில், துரு. கார்த்திகையில் கடைசியாகச் சுட்டுவிட்டு வியர்வைக் கையால் பிடித்து அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். எண்ணெய்ச் சீலையால் துடைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் வருகிற பிழைகளில் முக்கால்வாசி இந்த மாதிரிதான். எந்தத் துவக்கு நல்லது என்று மாதக்கணக்காக விசாரிப்பார்கள். அதைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன வேலைகளில் கோட்டை விடுவார்கள். நான் என் வளவில் பத்து மீற்றரில் காகித இலக்குக்குச் சுடுகிறவன். ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் எயார் ரைபிளைப் பற்றி, அதிலும் குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுகிற சாதாரண வகையைப் பற்றி.

காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு கடதாசி தேடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. இலங்கையில் துவக்குகளுக்கு 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1996 இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். ‘இது காற்றில் வேலை செய்கிற சாமான்தானே, இதுக்கென்ன லைசென்ஸ்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாங்க நினைக்கிற மொடலையும் குழல் அளவையும் எழுதிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போங்கள். என்ன அனுமதி வேண்டும், யாரிடம் வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம். பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வைத்திருக்கிற கமக்காரர்கள் வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க அலைகிறார்கள். பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற நமக்கு அதைவிடச் சலுகை கிடைக்கும் என்று நினைக்க இடமில்லை. ‘சாமானைக் கொண்டு போங்கோ, கடதாசி பிறகு தாறன்’ என்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வன்னியில் ஒரு வீட்டில் அனுமதியில்லாத குழல் ஒன்று அகப்படுவது சின்ன விஷயமே இல்லை. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது வந்து விழும்.

கடதாசி சரி என்றால் அடுத்தது அயல். இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். முதல் நாள் பின்னேரம் பத்துப் பன்னிரண்டு தரம் சுட்டிருப்பேன். அக்காவின் மகன் வேலியடியில் வந்து நின்று, “மாமா, சத்தம் கேட்டு அம்மம்மா உள்ளுக்குப் போயிட்டா” என்றான். எயார் ரைபிளின் சத்தம் கை தட்டுகிற அளவுதான். ஆனால் 2009 இல் இந்த மண்ணில் இருந்தவர்களுக்குச் சத்தத்தின் அளவு கணக்கில்லை. துவக்கை உள்ளே வைத்துவிட்டு நான்கு வீடுகளுக்கும் போய் இன்னது செய்கிறேன், இன்ன நேரத்தில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் மட்டும்தான். விதானையாருக்கும் (கிராம சேவையாளர்) பொலிஸ் நிலையத்துக்கும் தெரிந்திருப்பதும் நல்லது. ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு போவது போன்ற வேலை வேண்டவே வேண்டாம். வெறுமையாக, உறைக்குள், அனுமதிப்பத்திரத்தோடு போகட்டும்.

இனித் தெரிவு. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற வேகத்தைப் பார்த்து வாங்குவது வழக்கமான பிழை. விநாடிக்கு 1,200 அடி என்று போட்டிருக்கும். மிக இலேசான ஈயமில்லாத குண்டைப் போட்டு அளந்த எண்ணாக அது இருக்கலாம். ஒலியின் வேகத்துக்குக் கிட்டப் போகிற குண்டு நிலை தடுமாறும், சத்தமும் வெடிச் சத்தமாகும். ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் எயார் ரைபிள் 1984 முதல் இருக்கிறது. அதில் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மில்லிமீற்றர், குண்டோ 4.5 மில்லிமீற்றர். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெல சுட்ட போட்டி இதுதான். அந்தப் போட்டித் துவக்குகள் குண்டை அனுப்புகிற வேகம் விநாடிக்கு 170 மீற்றர் சொச்சம்தான். நேராகப் போவதற்கு வேகம் தேவையில்லை. காகிதத்துக்கு 4.5 மில்லிமீற்றர் குழல், மடிக்கும்போது உங்கள் கை நடுங்காத அளவு ஸ்பிரிங். அது போதும். ஐம்பது தரம் மடித்த பிறகும் உங்களால் நிதானமாகக் குறி பார்க்க முடிகிறதா என்று மட்டும் யோசியுங்கள்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் ஒரு சின்னச் சோதனை. குழல் மடிகிற பொருத்தின் மேல் ஒரு துண்டு டிசுக் கடதாசியை வைத்துவிட்டு, குண்டு போட்டு, பின்னால் மண்மேடு இருக்கிற இடத்தில் ஒரு தரம் சுடச் சொல்லுங்கள். கடதாசி பறந்தால் அங்கே காற்றுக் கசிகிறது. அந்தப் பொருத்தில் காற்றை அடைக்கிற ரப்பர் வளையம் மலிவான சாமான்தான், ஆனால் அந்த மொடலுக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். குழல் வாயையும் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஒரு நெளிவோ கீறலோ இருந்தால் மற்றதெல்லாம் புதுசாக இருந்தும் பயனில்லை, குண்டு கடைசியாகத் தொட்டுக்கொண்டு போகிற இடம் அது.

ஸ்கோப்பில்தான், துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கியில்தான், நான் அதிகம் காசை இழந்தேன். கொழும்பில் ஒரு கடையில், பெரிய வேட்டைத் துவக்குக்கே போடுகிறது, எயார் ரைபிள் இதுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் தந்தார்கள். மூன்று கிழமையில் உள்ளே இருக்கிற குறுக்குக் கோடு சரிந்துவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. வெடிமருந்துத் துவக்கு பின்னோக்கி மட்டும் உதைக்கும், சாதாரண ஸ்கோப்பை அதற்குத் தாங்கத்தான் செய்திருப்பார்கள். ஸ்பிரிங் துவக்கில் உள்ளே இருக்கிற உந்து தண்டு முன்னே பாயும்போது துவக்கு பின்னால் வரும், அது போய் முட்டி நின்றதும் துவக்கு முன்னால் இழுபடும். இரண்டு பக்க அடி. அதைத் தாங்குகிற எயார் ரைபிள் ஸ்கோப் என்று தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, தூரத்துக்குச் செய்த ஸ்கோப்பில் பத்து மீற்றர் இலக்கு மங்கலாகத் தெரியும், கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே குறி அசையும். முன் வளையத்தைத் திருப்பிப் பத்து மீற்றருக்குத் தெளிவாக்கக்கூடியதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஸ்கோப்பைத் துவக்கில் பூட்டுகிற பிடி நழுவுவதும் அந்த இரண்டு பக்க அடியால்தான். ஒரே துண்டாக, கீழே தடுப்பு ஆணி உள்ள பிடியாக வாங்குங்கள். பூட்டிய பிறகு பிடியின் பின் விளிம்பை ஒட்டி துவக்கின் மேலே பிடி பூட்டுகிற தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறிவிடுங்கள். நூறு தரம் சுட்ட பிறகு கோட்டுக்கும் பிடிக்கும் இடையில் ஒரு மயிரிழை வெளி தெரிந்தால், பிழை உங்கள் கையில் இல்லை, பிடியில். ஸ்குரூவை மூச்சைப் பிடித்து முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

உண்மையில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஸ்கோப்பே வேண்டாம் என்பேன். துவக்கோடு வருகிற இரும்புக் குறியில் ஆறு மாதம் பழகட்டும். அந்தக் காசுக்கு நாலைந்து வகை ஈயக்குண்டு வாங்கலாம். ஒரே மொடல் துவக்குகள் இரண்டுக்கு ஒரே குண்டு பிடிக்காது. தட்டை முனைக் குண்டு காகிதத்தில் வட்டமாக வெட்டிய மாதிரி ஓட்டை போடும், புள்ளி எண்ணச் சுகம். ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்துக் குண்டு ஒரே இடத்துக்குச் சுட்டு, ஓட்டைகளின் கூட்டம் எதில் சிறிதாக வருகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள். பிடிக்கிற விதமும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்தாலோ மேசை விளிம்பில் நேரே வைத்துச் சுட்டாலோ ஸ்பிரிங் துவக்கு துள்ளித் திசை மாறும். முன் கை விரிந்த உள்ளங்கையில் அது கிடக்கட்டும். சோங்கு, அதாவது துவக்கின் பின்கட்டை, தோளைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இங்கே இரண்டு மடங்கு கவனிக்க வேண்டிய விஷயம். வேறு ஊரில் என்றால் ‘மண்ணை வெட்டி ஒரு மேடு கட்டுங்கள்’ என்று எழுதிவிடலாம். வன்னியில் அப்படி எழுத மாட்டேன். 2002 இலிருந்து கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனங்கள் வேலை செய்கின்றன. துப்புரவு செய்து கையளித்த காணியிலும் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் பார்த்திருப்பார்கள். வீடு கட்டாத, தோட்டம் கொத்தாத மூலையில் மண்வெட்டி போடாதீர்கள். ஏதாவது இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல், ஒரு தடியில் சீலை கட்டி அடையாளம் வைத்துவிட்டு பொலிசுக்குச் சொல்லுங்கள். நான் ஒரு லோட் ஆற்றுமணல் பறித்து, யூரியாப் பைகளில் நிரப்பி, இரண்டு வரிசையாக அடுக்கினேன். என் உயரத்துக்கு மேல் ஒரு முழம். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பங்கர் கட்டிய கைகள் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அடுக்கி முடித்ததும் அத்தான் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மேல் வரிசையில் மூன்று மூட்டையைக் கழற்றிப் பொருத்து மாறி வருகிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அசையவில்லை.

மூட்டைக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி, உள்ளே பழைய சீலை நெருக்கமாக அடைத்தது, அதன் முகத்தில் காகிதம். குண்டெல்லாம் பெட்டிக்குள்ளேயே நிற்கும், மாதம் ஒருதரம் அள்ளலாம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஈயம் நஞ்சு. கீரைப் பாத்திக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் அது சிதறிக் கிடக்கக்கூடாது. சுட்டு முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணீர். பனங்குற்றியில், கருங்கல்லில், தகரப் பீப்பாயில் நேரே சுடுவதும் பிழை, குண்டு திரும்பி வரும். கண்ணாடி போடாமல் நானும் சுடுவதில்லை, பக்கத்தில் நிற்கிறவரும் நிற்க முடியாது.

மதிலில் வந்து இருக்கிற மயிலையோ மைனாவையோ குறி பார்க்கிற பழக்கம் சிலருக்கு வரும். வனசீவராசிகளுக்கு 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பறவைகளில் மிகப் பெரும்பாலானவை அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் 4.5 மில்லிமீற்றர் குண்டு பட்ட பறவை உடனே சாவதில்லை, பற்றைக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும்.

பராமரிப்பில் கூடச் செய்வதுதான் பிழை. குழலைக் கிழமைக்கு ஒருதரம் இரும்புக் கம்பியால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். எயார் ரைபிளில் கரி படிவதில்லை. கூட்டம் விரிகிறது என்று தெரிந்தால் மட்டும், தங்கூசியில் (நைலோன் மீன்பிடி நூல்) சின்னச் சீலைத்துண்டைக் கட்டி, குண்டு போடுகிற பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் இழுத்தால் போதும். குண்டு இல்லாமல் வெறுமையாகச் சுட்டுப் பார்ப்பது இன்னொன்று. குண்டு முன்னால் இருக்கும்போதுதான் உள்ளே அடைபடுகிற காற்று மெத்தை மாதிரி நின்று உந்து தண்டைத் தாங்கும். அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் மோதும். அடுத்தது எண்ணெய். மோட்டார் சைக்கிள் ஒயிலோ தையல் மெஷின் எண்ணெயோ காற்று அறைக்குள் விட்டால், அழுத்தச் சூட்டில் அது பற்றி டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும். புகை வரும், சத்தம் பெரிதாகும், உள் வளையம் கருகும். மடிகிற மூட்டுக்கு ஒரு பொட்டுக் கிறீஸ், வெளி இரும்புக்கு எண்ணெய்ச் சீலை. வேறொன்றும் வேண்டாம். சோங்கைப் பூட்டியிருக்கிற ஸ்குரூக்களை மட்டும் இருநூறு முந்நூறு தரத்துக்கு ஒருதரம் பாருங்கள், குறி திடீரென்று கெட்டுப் போவதற்கு அநேகமாக அவைதான் காரணம். குண்டு போடும்போது மடிந்த குழலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்திருங்கள். விசை நழுவினால் குழல் அறைந்து மூடும், இடையில் விரல் இருந்தால் விரல் போகும்.

வாயுச் சிலிண்டர் வகை இந்த வெயிலுக்கு எனக்குப் பிடிப்பதில்லை. சித்திரை மாதம் வாகனத்துக்குள் மறந்து வைத்தால் உள்ளழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். உயர் அழுத்தக் காற்றுத் தாங்கி உள்ள வகை அருமையானது, ஆனால் அதற்குக் காற்று மட்டும்தான். வெல்டிங் கடையில் இருக்கிறதே என்று ஒட்சிசன் ஏற்றினால் தாங்கியே வெடிக்கும்.

கடைசியாக மாரி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்கள் பக்கத்துக் காற்றே ஈரம், முல்லைத்தீவுக் கரையில் உப்பும் சேரும். பஞ்சு வைத்த பெட்டி பார்க்க அழகு, ஆனால் அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடக்கும். இப்போது நான் பெட்டியைப் பயணத்துக்கு மட்டும்தான் எடுக்கிறேன். ஸ்பிரிங் ஏற்றாமல், எண்ணெய்ச் சீலையால் துடைத்து, பழைய பருத்திச் சாரத்தில் சுற்றி, பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரியில் நிமிர்த்தி வைக்கிறேன். கறையானுக்குப் பயந்து அலுமாரியின் கால்கள் கல்லின் மேல். குண்டு வேறு பெட்டியில், வேறு அறையில். திறப்பு என் இடுப்பில். பதினைந்து நாளுக்கு ஒருதரம், மழை விட்ட ஒரு பின்னேரத்தில், வெளியே எடுத்துக் குழலை விரலால் தொடாமல் சீலையால் ஒருதரம் தடவிவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.