வீட்டை விட்டு ஓடும் பாட்டியை நாவலாக்குவது எப்படி?

மயிலாப்பூரில் மகன் வீட்டில் வாழும் 78 வயதுப் பாட்டி ஒருத்தி, ஒருநாள் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிரிப்பும் சாவும் கலந்த சாகச நாவலாக இதை எழுத விரும்புகிறவர், அவள் ஏன் போகிறாள் என்பதைவிட எப்படிப் போகிறாள் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிடும் என்பதால் முந்தின இரவே அதில் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறாள். பால் பாக்கெட் போடும் பையன் வருவதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். இவ்வளவு சொன்னாலே அவள் நாள்கணக்கில் திட்டமிட்டிருக்கிறாள் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

போகும் வழியை ஊரே தரும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதை அறியாமல், ஊருக்குப் போகும் வண்டியைத் தேடிக் கோயம்பேட்டில் போய் நிற்பது முதல் திருப்பமாக அமையும். காலக்கெடுவுக்கு முந்தானை முடிச்சில் இருக்கும் ஓர் அட்டை ரத்த அழுத்த மாத்திரையே போதும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அது குறைந்துகொண்டே வரட்டும்.

இருண்ட நகைச்சுவையில்தான் பலரும் தவறுகிறார்கள். கிழவி வழுக்கி விழுவதையும் அவளுக்குக் காது கேளாததையும் சிரிப்பாக்குவது எனக்கு ஒப்பவில்லை. சுற்றியிருப்பவர்களின் அவசரத்திலிருந்தே சிரிப்பு பிறக்க வேண்டும். அடையாளம் தெரியாத ஓர் உடலை அவளுடையது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்துபோய், மருந்துச் சீட்டை எடுக்க இரவோடு இரவாகத் திரும்பும் பாட்டி, தெருமுனைச் சுவரில் தனக்கான கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைக் காண்கிறாள். அதில் அவள் படத்தைவிடச் சம்பந்தியின் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கிறது. அங்கே அவளை அழவிடாதீர்கள். பசை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

அவளைக் குடும்ப ஓய்வூதியம் பெறுபவளாக்கினால் முடிவும் கிடைத்துவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும்; வயதானவர்களின் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதும் நடப்பதுதான். ஆகவே மிகைப்படுத்தாமல், மகனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியும் வைக்காமல், வங்கியில் அவள் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக் கருவியின்மேல் வைப்பதை எழுதுங்கள். ஏழாவது விரலில் பச்சை விளக்கு எரிவதோடு நாவலை முடித்துவிடலாம்.