சமச்சீரா? எந்தக் கோட்டுக்கு?

திசைத் தரவை, அதாவது டிகிரியில் அளந்த திசைகளைக் கொண்டுவந்து "இது சமச்சீரா?" (ஒரு கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கிறதா?) என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "எந்தக் கோட்டுக்கு?" கோடு முன்பே தெரியுமா, தரவிலிருந்தே கணக்கிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் சோதனை மாறும்.

கோடு தெரிந்ததற்கு எறும்புதான் நான் காட்டும் உதாரணம். யாண்டரின் 1957 ஆய்விலிருந்து எடுத்த 100 எறும்புகளின் திசைகள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் 'சர்க்குலர்' தொகுப்பிலேயே இருக்கின்றன. எறும்புகளுக்குக் காட்டிய கருப்பு இலக்கு 180 டிகிரியில்; அதுதான் நம் கோடு. ஒவ்வொரு திசையிலும் 180-ஐக் கழியுங்கள்: 200 என்றால் +20, 60 என்றால் −120. (வேறு கோடாக இருந்தால், 180-ஐத் தாண்டிய விடையில் 360-ஐக் கழிக்கவும், −180-க்குக் கீழே போன விடையோடு 360-ஐக் கூட்டவும் வேண்டும்.) இந்த வித்தியாசங்களுக்கு வில்காக்சன் குறித்தரச் சோதனை போதும்: குறியை விட்டு அளவுப்படி தரவரிசை போட்டு, + பக்கத் தரங்களும் − பக்கத் தரங்களும் ஈடாகின்றனவா என்று பார்ப்பது. நேரே இலக்குக்குப் போன எறும்புகளுக்கு 0 வரும், விட்டுவிடுங்கள். 360-இல் போனதையும் விடுங்கள். அது நேர் எதிர்த்திசை. இடமும் இல்லை, வலமும் இல்லை. விட்டுவைத்தால் +180 என்று நின்று மிகப் பெரிய தரத்தை வாங்கிக்கொள்ளும். திசைகள் பத்துப் பத்தாகப் பதிவானதால் சமத் தரங்கள் ஏராளம். ஆர் தோராய மதிப்பையே தரும், அதுவே போதும்.

கோடு தெரியாதபோது நான் ஏமாந்திருக்கிறேன். சராசரித் திசையைக் கழித்து, சைன்களைக் கூட்டினேன். திரையில் புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள். 'கண்ணாடிப் பிம்பம் போலச் சமச்சீர்' என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன். சராசரித் திசை என்பதே அந்தக் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கும் திசைதான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எந்தத் தரவைப் போட்டாலும் அதே பூஜ்யம்தான் வந்திருக்கும்.

அதனால் கழித்த கோணத்தை இரட்டித்து, அதன் சைன்களுக்குச் சராசரி எடுங்கள். பியூசி 2002-இல் முன்வைத்த சோதனை இது. அந்தச் சராசரியை அதன் திட்டப்பிழையால் (மாதிரிக்கு மாதிரி அது எவ்வளவு மாறும் என்ற அளவால்) வகுத்து வருவது ±1.96-ஐத் தாண்டினால், 5% மட்டத்தில் சமச்சீர்க் கருதுகோளை மறுக்கலாம். தாண்டாவிட்டால் சமச்சீர் நிரூபணமானதாக எழுதிவிடாதீர்கள்.

தரவு ஐம்பதுக்குக் குறைவா? பூட்ஸ்ட்ராப் செய்யுங்கள், அதாவது கையிலுள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் சராசரித் திசையின் மறுபக்கம், அதே தூரத்தில், ஒரு கண்ணாடிப் பிரதி சேருங்கள். இரட்டிப்பான அந்தக் குவியலிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டபடி, பழைய எண்ணிக்கைக்கு எடுத்து, மேலே திட்டப்பிழையால் வகுத்து வந்த அதே அளவையைக் கணக்கிடுங்கள். இப்படி 9999 முறை. குறியை ஒதுக்கிப் பார்த்தால் நம் அசல் தரவின் மதிப்பை எட்டியவை அல்லது தாண்டியவை எத்தனை? அதோடு ஒன்றைக் கூட்டி 10000-ஆல் வகுத்தால் பி-மதிப்பு, அதாவது உண்மையில் சமச்சீராக இருந்தும் தற்செயலாக இவ்வளவு பெரிய மதிப்பு வரும் வாய்ப்பு.

ஆரின் சைன் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியைப் பையால் (π) பெருக்கி 180-ஆல் வகுத்த பிறகே உள்ளே கொடுங்கள்.