பெரம்பூர் மேம்பாலத்தைத் தாண்டி ஏற்றமே பார்க்காதவர்களுக்கு ஓர் ஆல்ப்ஸ் சைக்கிள் பயணம்

ஆல்ப்ஸில் சைக்கிள் என்றதும் கொண்டை ஊசி வளைவில் நாக்கு தள்ள மிதிப்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆற்றங்கரைப் பாதை அப்படி இல்லை. ஆறு போகிற போக்கிலேயே பாதையும் இறங்கும், அங்கங்கே வரும் சின்னச் சின்ன ஏற்றங்கள் நம் மேம்பால அளவுதான். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று தட்டைத் தரையிலேயே மிதித்துப் பழகியவர்களுக்கு என் ஓட்டு ட்ராவ் ஆற்றுக்கு.

இத்தாலியின் வடக்கில் டோப்லாக் பக்கம் பிறந்து, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாகப் போய்க் கடைசியில் டான்யூபில் கலக்கிற ஆறு இது. பாதைக்கு 'ஆர் 1' என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். இன்னிஹென் ஊரில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து ஆஸ்திரியாவின் லீன்ஸ் வரை சுமார் 44 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் இறங்கிவிடுவீர்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்தால் போதும். ஜூலை, ஆகஸ்டில் இந்தத் துண்டில் மட்டும் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் கூட்டம் நெரியும், அதனால் ஜூனோ செப்டம்பரோ நல்லது.

லீன்ஸில் இஸல் என்ற ஆறு வந்து சேர்கிறது. பனிப்பாறை உருகி வருகிற தண்ணீர், ட்ராவைவிட அதிகமான தண்ணீர், ஆனால் பெயர் என்னவோ ட்ராவுக்குத்தான். அதற்கப்புறம் ஆறு அகலமாகிவிடும். அடுத்த நாள் கிரைஃபென்பர்க், அதற்கடுத்து ஸ்பிட்டால், பிறகு ஃபில்லாக் என்று ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோமீட்டராகப் பிரித்துக்கொண்டால் நான்கு நாளில் நிதானமாக முடியும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பழகியவர்களுக்கு, வழியெல்லாம் ஆற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவது கொஞ்சம் நம்ப முடியாததாகக்கூட இருக்கும்.

இனி முக்கியமான விஷயம், காற்று. இறக்கம்தானே என்று காலைச் சாப்பாட்டு மேஜையில் பத்து மணி வரை உட்கார்ந்துவிடாதீர்கள். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி அங்கிருக்கும் காற்று மேலே போகும், அந்த இடத்துக்குப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து காற்று ஏறி வரும், ஆற்றோடு இறங்குகிற உங்களுக்கு அது நேர் எதிர்காற்று. காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், தரை சூடேறியதும் கடல் காற்று உள்ளே வருகிற அதே கணக்குதான். எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் அன்றைய தூரம் முடிந்துவிடும், கோடையில் மதியத்துக்கு மேல் வருகிற இடிமழையிலிருந்தும் தப்பிக்கலாம். மழைச் சட்டையைப் பையின் அடியில் போடாமல் மேலேயே வையுங்கள்.

அதனால் இங்கே பயிற்சி எடுக்கும்போது ஏற்றத்தைத் தேடி அலையாமல் எதிர்காற்றில் மிதியுங்கள். அதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோடை மாலையில் போர் நினைவுச் சின்னத்திலிருந்து சாந்தோம் பக்கம் தெற்கே போய்ப் பாருங்கள், தென்கிழக்குக் காற்று முகத்திலேயே அடிக்கும்.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவது வீண் செலவு என்பது என் கருத்து. அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுகிற வசதியும் உண்டு. ஆனால் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையை மட்டும் இங்கேயே வாங்கிப் போட்டுப் பழகிவிடுங்கள். மூன்றாம் நாள் அதன் அருமை தெரியும்.

விமானத்தில் ம்யூனிக் போய், பிரென்னர் கணவாய் வழி ரயிலில் ஃபோர்தெஸ்ஸாவில் இறங்கி, இன்னிஹென் போகிற சின்ன ரயிலில் மாற வேண்டும். இத்தாலியப் பலகைகளில் அதே ஊர் சான் கான்டிடோ என்று இருக்கும். ஒரே அனுமதியில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவுகிற ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், அதாவது இந்தத் திட்டத்துக்கு ஆஸ்திரியா, விமானம் ஜெர்மனியில் இறங்குகிறது என்பதற்காக ஜெர்மனியிடம் அல்ல. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கேன் தேடி அலைய வேண்டாம். சைவக்காரர்களுக்கு காஸ்நூடெல்ன் இருக்கிறது, பாலாடைக் கட்டியும் புதினாவும் வைத்த கொழுக்கட்டை மாதிரி. அப்பத்தைக் கீற்றாக நறுக்கிப் போட்ட சூப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள், ஆனால் நெய் பாட்டில், சிக்கன் ஊறுகாய் வேண்டாம், பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை.

அப்புறம், அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் காலை இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள். அவசரத்துக்கு 112.

ஃபில்லாக் வந்தும் கால் கேட்டால், இன்னும் சில நாள் கையில் இருந்தால், ஆறு ஸ்லோவேனியாவின் மாரிபோர் வரை கூட்டிப் போகும். அதுவும் ஷெங்கன்தான், தனி விசா தேவையில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் கூடுதல், பேட்டரி சைக்கிளாக மாற்றிக்கொள்வது உத்தமம்.