மைனர் என்றால் மெதுவாகத்தான் இருக்குமா? ஒரு மோட்சார்ட் சொனாட்டாவைக் கேட்டுப் பழகலாம்

வயலினும் பியானோவும் சேர்ந்த ஒரு பதிவைக் கேட்டு அதன் வேகம், கீ (இசை எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டது, மேஜரா மைனரா என்பது), உணர்வு மூன்றையும் காதாலேயே பிடிக்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது மோட்சார்ட்டின் ஈ மைனர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட கருவியிசை), அவரது படைப்புப் பட்டியலில் கே. 304. 1778இல் வந்தது. மொத்தம் இரண்டே பகுதிகள். யார் வாசித்த பதிவானாலும் சரி. கடிகாரமும் ஃபோனில் ஒரு பியானோ ஆப்பும் இருந்தால் போதும்.

படி 1: வேகம்

முதல் பகுதியைப் போட்டு, கால் தானாகத் தட்டத் தொடங்கும் வரை சும்மா கேளுங்கள். பிறகு 15 நொடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 20 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 80. பக்கத்தில் இருப்பவருக்கு 160 வந்தாலும் தவறில்லை. நீங்கள் பெரிய தட்டை எண்ணினீர்கள், அவர் அதன் பாதியை எண்ணினார். மோட்சார்ட் எழுதி வைத்தது 'அலெக்ரோ' என்ற ஒரு சொல்தான், விறுவிறுப்பாக என்று பொருள். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று மெட்ரோனோம் எண் போடும் வழக்கமெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு வந்தது. அதனால் பதிவுக்குப் பதிவு எண் மாறும்.

படி 2: கீ

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பகுதி முடியும் இடத்தில் இசை எந்த ஸ்வரத்தில் வந்து அமர்கிறது என்று கேட்டு, அதை வாய்க்குள் முணுமுணுங்கள். அதுதான் இந்த இசையின் ஷட்ஜம். ஆப்பில் தேடினால் ஈ கிடைக்கும், நம் கணக்கில் 3 கட்டை.

இனி காந்தாரம். ஈயை விட்டுவிட்டு, அதற்கு மேலே கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் எண்ணி மூன்றாவதை அழுத்துங்கள்: ஜி. நான்காவது ஜி ஷார்ப். சொனாட்டாவின் தொடக்கத்தைப் போட்டு எது பொருந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கருவிகளும் துணை ஸ்வரம் எதுவுமின்றி ஒரே மெட்டை வாசிப்பதால் இது எளிது. ஜிதான் பொருந்தும். சாதாரண காந்தாரம் என்றால் மைனர், அந்தர காந்தாரம் என்றால் மேஜர்.

கீ கண்டுபிடிக்கும் ஆப் சில சமயம் 'ஜி மேஜர்' என்று காட்டும். இரண்டுக்கும் அடிப்படை ஸ்வரங்கள் ஒன்றே என்பதால் வரும் குழப்பம் அது, காதை நம்புங்கள். மோட்சார்ட் காலத்துக் கருவிகளில் வாசித்த பதிவுகள் சுருதி சற்றுத் தாழ்ந்தும் இருக்கும்.

படி 3: உணர்வு

இந்தச் சொனாட்டா வந்த 1778ஆம் வருடம் ஜூலை 3 அன்று மோட்சார்ட்டின் தாய் பாரிசில் இறந்தார். அந்தத் துயரம்தான் இந்த இசை என்று பலரும் எழுதுவார்கள். முதல்முறை கேட்கும்போது அதை ஒதுக்கி வையுங்கள். 'சோகம்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், காரணத்தோடு எழுதுங்கள். முதல் பகுதி மைனர்தான், ஆனால் வேகமானது. எனக்கு அதில் அழுகையைவிடப் பதற்றமே கேட்கிறது.

இரண்டாம் பகுதி மூன்று தட்டில் நடக்கும் மினுவெட் என்ற நடன வகை. பியானோ தனியாகத் தொடங்கும், வயலின் பிறகு அதே மெட்டை எடுத்துக்கொள்ளும். நடுவில் ஓரிடத்தில் ஷட்ஜம் ஈயாகவே இருக்க, காந்தாரம் மட்டும் அரை ஸ்வரம் ஏறி ஈ மேஜராகிவிடும். பியானோ அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவதுபோல் இருக்கும். இந்தச் சில வரிகளுக்காகவே இந்தச் சொனாட்டாவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். உங்கள் பதிவில் அது எந்த நிமிடம், எந்த நொடியில் தொடங்குகிறது, மைனர் மறுபடி எங்கே திரும்புகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொருவர் வாசித்த பதிவில் அதே இரண்டு இடங்களைத் தேடுங்கள்.