கடலோரத்தில் பழைய கார் வாங்கப் போறீங்களா? குனிஞ்சு பாருங்க

ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் ஓடிய கார் என்றால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, துருதான் முக்கியம். பெயின்ட் பளபளவென்று இருக்கும்; உப்புக்காற்று தின்றது அடியில்தான் தெரியும்.

டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பையும் சக்கரத்துக்கு மேலே உள்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே அரித்துவிட்டது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வையுங்கள். சில இடத்தில் மட்டும் ஒட்டவில்லை என்றால் அங்கே ஓட்டையை மறைக்கப் பட்டி (putty) பூசியிருக்க வாய்ப்பு அதிகம். (பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டாது. சண்டைக்குப் போய்விடாதீர்கள்!) விற்கும் நேரத்தில் அடிப்பாகத்துக்குப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

இன்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரில் 2219 என்றிருந்தால் 2019-ன் 22-வது வாரத்தில் தயாரானது.

15 வருஷத்தை நெருங்கும் வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) புதுப்பிக்கும் செலவு உங்கள் தலையில். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைத் தராதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.