.44 மேக்னம் உதைக்குக் கை பழகிய விதம்

அரிசோனாவில் நான் சுடுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, .44 மேக்னம் என்ற பலமான தோட்டா போடும் ரிவால்வர். எடை கிட்டத்தட்ட 1.3 கிலோ. அப்படியும் 240 கிரெயின் (சுமார் 15.5 கிராம்) குண்டுள்ள தோட்டா கையைத் தூக்கி அடிக்கும்; இந்தப் பின்தள்ளலைத்தான் உதை என்கிறோம். என் குண்டுகள் எல்லாம் இலக்குக்குக் கீழேயே விழுந்தன.

உதை வரப்போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே கீழே தள்ளுவதுதான் இதற்குக் காரணம். கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில், உள்ள ஆறு அறைகளில் சிலவற்றில் தோட்டாவும் மற்றவற்றில் சுட்ட காலி உறையும் போட்டுத்தரச் சொல்லி நண்பரிடம் கொடுங்கள். காலி உறைமேல் சுத்தியல் விழும்போது குழல் முனை குனிந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். எனக்கு நன்றாகவே குனிந்தது.

அப்புறம் .44 ஸ்பெஷலுக்கு மாறினேன். 1907-இல் வந்த மென்மையான தோட்டா, இதே சிலிண்டரில் பொருந்தும். முனை அசையாமல் நிற்கும்வரை அதுதான். பிடியை முடிந்தவரை மேலே பிடித்தேன், முழங்கையை லேசாக மடக்கினேன். பின்பக்கத்தையும் மூடும் ரப்பர் பிடி உள்ளங்கையைக் காப்பாற்றியது. கட்டைவிரலை மட்டும் சிலிண்டரின் முன்விளிம்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பீறிடும் சூடான வாயு தோலைக் கிழித்துவிடும்.

பாதி பயம் சத்தத்தால் வருவது. காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டதும் மணிக்கட்டு தானாக அடங்கியது.

புதியவர் கையில் கொடுத்தால் முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். உதையில் விரல் தவறி மறுபடி விசையை அழுத்தினாலும் ஆபத்தில்லை.